கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் சொன்னால்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் ஒரு கட்டி தென்படுகிறது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய வாசகர்கள் பலர். அவற்றில் புற்றுநோய் அல்லாத கட்டிகள் தொடர்பான கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். கல்லீரல் மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. நெஞ்செரிச்சலுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், கல்லீரலின் வலப்பக்கத்தில் 2.1 செ.மீ. அளவில் ஹீமாஞ்சியோமா போன்ற கட்டி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அதை முடிவு செய்வது கட்டி மட்டுமல்ல, அது உட்கார்ந்திருக்கும் கல்லீரலும்தான். ஹீமாஞ்சியோமா என்பது ரத்தம் மெதுவாக ஓடும் சிறு அறைகளின் திரள். கல்லீரலில் வரும் திடக்கட்டிகளில், புற்றுநோய் அல்லாதவற்றில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். அது புற்றுநோயாக மாறுவதில்லை. அல்ட்ராசவுண்டில் கட்டி 3 செ.மீ.க்குள் இருந்து, உள்ளே முழுக்க ஒரே சீரான வெள்ளையாக, ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி, கல்லீரல் சுருக்கம் எதுவும் இல்லை, இதற்கு முன் உடலில் எங்கும் புற்றுநோய் வந்ததில்லை என்றால் அதோடு போதும். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுக் கழகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வழக்கமான தோற்றம், ஆரோக்கியமான கல்லீரல் இரண்டும் சேர்ந்திருந்தால் சி.டி.யும் வேண்டாம், தொடர் ஸ்கேனும் வேண்டாம். இப்படிப்பட்டவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்வது பரவலாக நடக்கிறது. அதனால் கிடைப்பது பயம் மட்டுமே என்பது எங்கள் கருத்து.

இந்தத் தோற்றத்திலிருந்து விலகினால் கணக்கு மாறும். கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருப்பது, வெள்ளையாக இல்லாமல் கருமையாகத் தெரிவது ஆகிய இரண்டிலும் ரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய ஸ்கேன் தேவை. வெள்ளைக் கட்டியைச் சுற்றிக் கருவளையம் இருந்தால் அது ஹீமாஞ்சியோமாவின் சாயல் அல்ல. வேறு இடத்துப் புற்றுநோய் பரவியதா என்று பார்த்தாக வேண்டும். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பின்னணியில் கல்லீரலே வெளுத்துப் போயிருப்பதால், நல்ல ஹீமாஞ்சியோமாவும் அங்கே கருப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்றும் இருந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கும் 2 செ.மீ. கட்டிக்கும் தொடர்பில்லை. அதற்குத் தனியாக வைத்தியம் பாருங்கள்.

கேள்வி: சி.டி. எடுத்த பிறகும் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கவும்' என்று வந்திருக்கிறது. ஒரு கட்டிக்கு எத்தனை ஸ்கேன்தான் எடுப்பது?

பதில்: எந்த வகை சி.டி. எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்ததில் கான்ட்ராஸ்ட் மருந்தே இருக்காது. சாதாரண வயிற்று சி.டி.யில் மருந்து செலுத்திய சுமார் 70 வினாடியில் ஒரே ஒரு தடவை படம் எடுப்பார்கள். இரண்டுமே கல்லீரல் கட்டிக்குப் பெயர் வைக்க உதவாது.

காரணம் இது: கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வாழ்பவை. அதனால் மருந்து தமனியில் ஓடும் சுமார் 35ஆவது வினாடி, போர்ட்டல் சிரைக்கு வந்து சேரும் 70ஆவது வினாடி, பிறகு 3 முதல் 5 நிமிடம் என மூன்று கட்டங்களில் படம் வேண்டும். ஹீமாஞ்சியோமாவில் முதலில் ஓரத்தில் மட்டும் திட்டுத்திட்டாக மருந்து ஏறும், பிறகு மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். எஃப்.என்.எச். எனப்படும் ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்ப்ளேசியா (கல்லீரல் செல்கள் ஓரிடத்தில் பெருகி உருவான, புற்றுநோய் அல்லாத கட்டி) தமனிக் கட்டத்தில் மொத்தமாகப் பளிச்சிட்டு, அடுத்த கட்டத்தில் கல்லீரலோடு கல்லீரலாகக் கலந்துவிடும். நடுவிலுள்ள தழும்பு மட்டும் தாமதமாக ஒளிரும். கல்லீரல் புற்றுநோய் முதலில் பளிச்சிட்டு, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கருத்துப்போகும். ஒரே ஒரு படத்தை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. கேட்பது, கட்டிக்குள் கொழுப்பு, நீர், ரத்தம் எது எவ்வளவு என்று அது காட்டுவதால். சில கேள்விகளுக்கு காடாக்ஸெடேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து பயன்படும். வேலை செய்யும் கல்லீரல் செல்கள் அதை உறிஞ்சிப் பித்தத்தில் விடும். 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் எஃப்.என்.எச். வெளிச்சமாகவே நிற்கும், கல்லீரல் செல்களிலிருந்து வளரும், புற்றுநோய் அல்லாத இன்னொரு கட்டியான அடினோமா பெரும்பாலும் கருத்துத் தெரியும். ஆனால் இதே மருந்தை ஹீமாஞ்சியோமாவுக்குப் பயன்படுத்தினால் ஏமாற்றம் வரலாம். சுற்றியுள்ள கல்லீரல் மருந்தை உறிஞ்சி வெளுக்கும்போது ஹீமாஞ்சியோமா கருத்ததுபோல் தோன்றி, புற்றுநோய் என்ற சந்தேகத்தைக் கிளப்பும். ஆகவே எந்த மருந்தைக் கொண்டு ஸ்கேன் என்பதை, எதைத் தேடுகிறோம் என்பதை வைத்துக் கதிரியக்க மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். 'எம்.ஆர்.ஐ. அப்டமன்' என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது.

போவதற்கு முன்: சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவும், பழைய ஸ்கேன்களின் படங்கள் அடங்கிய டிஸ்க்கும் கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முன்பு கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தாலும், உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சி.டி. சமயத்தில் 48 மணி நேரம் நிறுத்த வேண்டிவரும். மூச்சை 15, 20 வினாடி அடக்கப் பழகிக்கொள்ளுங்கள். தமனிக் கட்டம் சில வினாடிகளே நீடிக்கும். அப்போது நீங்கள் மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும். அதே ஊசியில் அந்தக் கட்டத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று வரும் ரிப்போர்ட்டுகளில் சிலவற்றுக்குக் காரணம் அந்த ஒரு மூச்சுதான்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் நல்ல மாற்று. அந்தக் குமிழிகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. 3 செ.மீ.க்குக் குறைவான எஃப்.என்.எச்.ஐ உறுதிசெய்ய அது மிகவும் கைகொடுக்கும்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. ஆறு வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். 4 செ.மீ. கட்டிக்கு 'எஃப்.என்.எச். அல்லது அடினோமா' என்று ரிப்போர்ட். இரண்டும் கேன்சர் இல்லை என்றால் எதுவாக இருந்தால் என்ன?

பதில்: வித்தியாசம் பெரியது. எஃப்.என்.எச். என்பது தமனி அமைப்பில் உள்ள ஒரு கோளாறால் அங்கே ரத்தம் அதிகம் பாய்ந்து, கல்லீரல் செல்கள் அதற்கு ஏற்பப் பெருகியது. புற்றுநோயாக மாறாது, ரத்தம் கசிவது அரிதிலும் அரிது. உறுதியானால் சிகிச்சையும் இல்லை, தொடர் ஸ்கேனும் இல்லை. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, கர்ப்பம் தரிக்கவும் தடையில்லை. அடினோமா என்றால் இந்த நான்கு பதில்களும் மாறிவிடும்.

கருத்தடை மாத்திரைக்கும் அடினோமாவுக்கும் உள்ள தொடர்பு 1973 முதலே தெரியும். அதிக ஈஸ்ட்ரோஜன் இருந்த பழைய மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு லட்சத்தில் 3 முதல் 4 பேருக்கு இது வந்தது. இன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் குறைவு. அந்த இடத்தை இப்போது உடல் பருமன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடினோமாவுக்குள்ளும் வகைகள் உண்டு, வகையைப் பொறுத்தே ஆபத்து. ஹெச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணு செயலிழந்த வகையில் உள்ளே கொழுப்பு நிறைந்திருக்கும், எம்.ஆர்.ஐ. அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். 5 செ.மீ.க்குள் இருந்தால் இது சாதுவான வகை. அழற்சி வகைதான் அதிகம் காணப்படுவது. பருமன், மது இரண்டோடும் சேர்ந்து வரும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும், ரத்தம் கசியும். பீட்டா-கேட்டனின் மரபணுவில் மாற்றம் உள்ள வகை, அதுவும் எக்ஸான் 3 எனும் பகுதியில் மாற்றம் இருந்தால், புற்றுநோயாகும் வாய்ப்பு அதிகம். அளவு எதுவானாலும் அதை எடுத்துவிட வேண்டும்.

ஆகவே அடுத்த படி காடாக்ஸெடேட் எம்.ஆர்.ஐ. 20ஆவது நிமிடப் படத்தில் கட்டி கருத்தால் அடினோமா என்று ஏறக்குறைய உறுதி. வெளுத்தால் எஃப்.என்.எச். என்று உடனே முடிவு கட்டக்கூடாது. பீட்டா-கேட்டனின் வகை அடினோமாக்களில் சில அந்த மருந்தை உறிஞ்சும். மற்ற அடையாளங்களும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. அதுவரை மாத்திரையை நிறுத்திவிட்டு, ஹார்மோன் இல்லாத வேறு கருத்தடை முறைக்கு மாறிக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு 6 செ.மீ. அடினோமா. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார் டாக்டர். இவ்வளவு பெரிய கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: கட்டி ஹார்மோனுக்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பதற்கே அந்த ஆறு மாதம். மாத்திரையை நிறுத்தி எடையைக் குறைத்தால் பல கட்டிகள் சுருங்கிவிடும், அறுவை தேவைப்படாமலே போகலாம். ஆறாவது மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும்போது இன்னமும் 5 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது குறுக்களவு 20 சதவீதம் கூடியிருந்தால், அறுவை. 5 செ.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால் வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. போதும். அளக்கும்போது எம்.ஆர்.ஐ.யை எம்.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட வேண்டும். அல்ட்ராசவுண்டில் 5.4, எம்.ஆர்.ஐ.யில் 6.0 என்று வருவது வளர்ச்சி ஆகாது. கருவி மாறியதன் வித்தியாசமாகவும் இருக்கலாம்.

இந்த எல்லை 5 செ.மீ.யில் வைக்கப்பட்டதற்குக் காரணம், ரத்தக்கசிவும் புற்றுநோய் மாற்றமும் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட கட்டிகளில் நடப்பது. எல்லா அடினோமாக்களையும் சேர்த்துப் பார்த்தால் புற்றுநோயாக மாறுவது ஏறத்தாழ 4 சதவீதம். காத்திருக்கும் காலத்தில் வலது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி, வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுப்பது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அவசரப் பிரிவில் 'எனக்குக் கல்லீரல் அடினோமா இருக்கிறது' என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கசிவு உறுதியானால் உடனே வயிற்றைத் திறப்பதைவிட, கதிரியக்க மருத்துவர் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது பாதுகாப்பானது. ரத்தக் கட்டு கரைந்த பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தை விஷயத்தில் வரிசையை மாற்றாதீர்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் கட்டி வளரலாம், கசியலாம். 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் அதற்கு ஒரு முடிவு, பிறகு கர்ப்பம். சிறிய கட்டியோடு கர்ப்பம் தரிப்பவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்து வளர்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேள்வி: வயது 29, ஆண். உடற்பயிற்சிக்காகச் சில ஊசிகள் போட்டுக்கொண்டது உண்மை. 3 செ.மீ. அடினோமாதான், ஆனாலும் ஆபரேஷன் என்கிறார்கள். பெண்களுக்கு 5 செ.மீ. வரை விடுகிறார்களே?

பதில்: ஆண்களுக்கு அந்த 5 செ.மீ. சலுகை கிடையாது. ஆண்களில் அடினோமா அரிது. வந்தால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு பெண்களைவிடப் பல மடங்கு. அதனால் அளவைப் பார்க்காமல் எடுத்துவிடுவதுதான் இன்றைய நடைமுறை. அனபாலிக் ஸ்டீராய்டை இன்றே நிறுத்துங்கள். எந்த ஊசி, எவ்வளவு காலம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அது தெரிந்தால்தான் படத்தையும் பயாப்ஸியையும் சரியாகப் படிக்க முடியும்.

கேள்வி: ஊசி குத்திப் பயாப்ஸி எடுத்தால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: புற்றுநோய் அல்லாத கட்டி எப்படிப் பரவும்? பரவல் பயம் புற்றுநோய்க் கட்டிக்குத்தான், அதிலும் ஊசி போன பாதையில் செல்கள் படிவது மிகச் சில பேருக்கே. இங்கே உண்மையான கவலை ரத்தக்கசிவு. ஆகவே முன்கூட்டியே பிளேட்லெட் எண்ணிக்கையும், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆரும் பார்ப்பார்கள், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். ஊசி நேராகக் கட்டிக்குள் போகாமல், கொஞ்ச தூரம் நல்ல கல்லீரலைக் கடந்து போனால் துளை தானே அடைபடும். முடிந்து சில மணி நேரம் படுக்கையில் வைத்து ரத்த அழுத்தமும் நாடியும் பார்ப்பார்கள். ஹீமாஞ்சியோமா என்று படமே சொல்லும் இடத்தில் பயாப்ஸி கூடாது. எஃப்.என்.எச்.ஆ அடினோமாவா என்ற சந்தேகத்தில்தான் அதற்கு மதிப்பு: குளுட்டமின் சிந்தடேஸ் என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால் எஃப்.என்.எச்.இல் நிலப்படம்போல் திட்டுத்திட்டாகத் தெரியும், பீட்டா-கேட்டனின் அடினோமாவில் பெரும்பாலும் பரவலாக ஏறியிருக்கும். கட்டிக்கு வெளியே உள்ள சாதாரணக் கல்லீரலிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட அது இல்லாமல் நோய்க்குறியியல் மருத்துவர் தடுமாறுவார்.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரல் சுருக்கமும் உண்டு. ஸ்கேனில் '1.6 செ.மீ. ஹீமாஞ்சியோமா' என்று வந்திருக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கான ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல். விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. முதல் கேள்விக்குச் சொன்ன நிம்மதி உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. சுருங்கிய கல்லீரலில் 1 செ.மீ.க்கு மேற்பட்ட எந்தப் புதிய கட்டியையும், வேறு என்று நிரூபணமாகும் வரை புற்றுநோயாகவே நடத்துவோம். அல்ட்ராசவுண்டில் சிறு புற்றுநோயும் வெள்ளையாகத் தெரியலாம். ஏ.எஃப்.பி. நார்மலாக இருப்பது எதையும் உறுதிசெய்யாது. ஆரம்பநிலைப் புற்றுநோய்களில் பலவற்றில் அது உயர்வதே இல்லை. இந்த வாரமே மூன்று கட்ட சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுங்கள். கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சிட்டுப் பிறகு கருத்தால், பயாப்ஸி இல்லாமலேயே புற்றுநோய் என்று முடிவு செய்து சிகிச்சையைத் தொடங்கலாம். 1.6 செ.மீ.யில் பிடிபட்டால் குணப்படுத்தும் வழிகள் உண்டு. இல்லை என்று வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் அவருக்கு ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

கேள்வி: 11 செ.மீ. ஹீமாஞ்சியோமா. சாப்பிட்டால் வயிறு உடனே நிறைந்துவிடுகிறது. வெடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தானாக வெடிப்பது மிக மிக அரிது, அந்தப் பயத்துக்காக மட்டும் யாரும் அறுவை செய்துகொள்ள வேண்டாம். ஆனால் 11 செ.மீ. கட்டி இரைப்பையை அழுத்துவது நடக்கக்கூடியதே. முதலில் எண்டோஸ்கோப்பி செய்து புண், பித்தப்பை ஸ்கேனில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்குக் காரணம் வேறாக இருந்து, கட்டியை எடுத்த பிறகும் அதே வலியோடு திரும்பி வருபவர்கள் உண்டு. கட்டி இரைப்பையை அழுத்துவது படத்தில் தெளிவாகத் தெரிந்தால், அல்லது அடுத்தடுத்த ஸ்கேன்களில் வேகமாக வளர்ந்தால் அறுவைக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலும் கட்டியை அதன் உறையோடு ஒட்டித் தோண்டி எடுத்துவிடலாம். கல்லீரலைப் பெரிதாக வெட்ட வேண்டியிராது.

பிளேட்லெட் எண்ணிக்கையும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் ஒருமுறை பாருங்கள். மிகப் பெரிய ஹீமாஞ்சியோமாவுக்குள் ரத்தம் உறைந்து உறைந்து இவை இரண்டும் தீர்ந்துபோவது அபூர்வமாக நடக்கும். அது இருந்தால் தாமதிக்கக் கூடாது. நடை, படியேற்றம், வீட்டுவேலை எதற்கும் தடையில்லை. கட்டி மேற்பரப்பில் இருந்தால், வயிற்றில் அடி விழக்கூடிய ஆட்டங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டியைக் கரைக்க மருந்து உண்டா?

பதில்: ஹீமாஞ்சியோமாவையும் எஃப்.என்.எச்.ஐயும் கரைக்க மருந்து இல்லை, கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கரைக்கும் என்று விற்கப்படும் பொடிகளால் கல்லீரலே அழற்சி கண்டு வருபவர்களைத்தான் பார்க்கிறோம்.

கேள்வி: 9 செ.மீ. நீர்க்கட்டியை ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் பழையபடி நிரம்பிவிட்டது. சரியாகச் செய்யவில்லையா?

பதில்: செய்தது சரி, ஆனால் பாதிதான். நீர்க்கட்டியின் உட்பூச்சு தொடர்ந்து நீரைச் சுரக்கும். நீரை மட்டும் எடுத்தால் திரும்ப நிரம்பத்தான் செய்யும். நீரை எடுத்தபின் ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே செலுத்தி அந்தப் பூச்சை அழிக்க வேண்டும், அல்லது லேப்ராஸ்கோப்பியில் கட்டியின் கூரையை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த நீர் பித்தம் கலந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால், கட்டிக்கும் பித்தக்குழாய்க்கும் தொடர்பு இருக்கிறது. அப்போது ஆல்கஹால் செலுத்தினால் பித்தக்குழாய் வெந்துபோகும். கூரையை வெட்டுவதானால், கல்லீரலுக்கு வெளியே துருத்தி நிற்கும் சுவரை எவ்வளவு அகலமாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்க வேண்டும், சிறு ஜன்னல் வைத்தால் மூடிக்கொள்ளும். வெட்டிய சுவரை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு முன் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே தடித்த தடுப்புச் சுவர்களோ முடிச்சுகளோ இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி அல்ல, சளிபோன்ற திரவம் சுரக்கும், முழுதாக அகற்ற வேண்டிய மியூசினஸ் கட்டியாக இருக்கலாம். கட்டிக்குள் சிறு சிறு குஞ்சுக் கட்டிகள் தெரிந்தால் ஹைடாடிட் புழுக்கட்டி. அதற்கான ரத்தப் பரிசோதனை செய்து, ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தைத் தொடங்காமல் ஊசி குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடுமையான அலர்ஜி அதிர்ச்சி வரும்.